குடை நிழலில் போன வருஷம்

சேறு மூச்சு விடும் என்று நான் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. திருவனந்தபுரத்துக் கரமனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெரு எங்களுடையது. ஒரு வீட்டில் சொன்னது பத்து வீட்டுக்குக் கேட்கும். எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த மறுவாரமே, "சேத்துக்கு மூக்கு எங்கடி இருக்கு?" என்று கேலி ஆரம்பமாகிவிட்டது. அம்மாவின் கவலை வேறு. "நாள் பூரா வெயில்ல நின்னா இருக்கற நிறமும் போயிடும்" என்பாள். தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை.

அப்போதெல்லாம் கேலிக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது. யார் என்ன கேட்டாலும் சுள்ளென்று விழுவேன். இப்போது கேட்டால் சொல்வேன். கடலோரத்தில் உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் ஒரு வகைப் புல் வளர்கிறது. அந்த இடத்துக்கு உவர்ச் சதுப்பு என்று பெயர். வெயில் படும்போது புல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கும். அதே சமயம் புல்லும் வேரும் சேற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அதை வெளியே விட்டுக்கொண்டும் இருக்கும். இழுப்பது அதிகமா, விடுவது அதிகமா? அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இரண்டு வருஷம் தொடர்ந்து அளந்து, முதல் வருஷமும் இரண்டாம் வருஷமும் ஒன்றாக இருக்கிறதா என்று காட்டினால் எனக்கு டாக்டர் பட்டம்.

அளக்கும் விதம் எளிது. கண்ணாடி போலத் தெளிவான ஒரு அக்ரிலிக் பெட்டி. சாலைக் கடைவீதியில் நம்பர் பிளேட் செய்கிறவரிடம் சொல்லிச் செய்தது. அவர் மூன்று முறை ஒட்டி, மூன்று முறையும் ஓட்டை விட்டு, நான்காம் முறை என் கோபத்துக்குப் பயந்து சரியாக ஒட்டினார். உள்ளே காற்றைக் கலக்க ஒரு சின்ன விசிறி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. சேற்றில் முன்பே பதித்து வைத்த சட்டத்தின் மேல் பெட்டியைக் கவிழ்த்தால், உள்ளே ஒரு பிடிப் புல்லும் அதன் கீழ்ச் சேறும் அகப்பட்டுக்கொள்ளும். பெட்டியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் ஒரு கருவிக்குப் போகும். சூட்கேஸ் அளவுக்கு இருக்கும், ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடும். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை அதன் திரையில் வரும் எண்ணைக் குறிக்க வேண்டும். ஐந்து நிமிஷம் வெளிச்சத்தில் அளப்போம். பிறகு பெட்டியைத் தூக்கிக் காற்று மாற்றி, இரட்டைக் கறுப்புத் துணி போர்த்தி இருட்டில் ஐந்து நிமிஷம். வெளிச்சத்தில் எண் இறங்கும், புல் இழுக்கிறது என்று அர்த்தம். இருட்டில் எண் ஏறும்.

வெயில் எவ்வளவு என்று தெரிய லைட் மீட்டர் ஒன்றும் இருந்தது. எங்கள் நிழல் அதன் மேல் விழுந்துவிடக் கூடாது என்று பத்தடி தள்ளி ஒரு கம்பின் உச்சியில் கட்டியிருந்தேன். இந்த ஜாக்கிரதையை நினைத்து நான் பெருமைப்பட்டதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

எங்கள் சதுப்பு கழக்கூட்டத்துக்கு மேற்கே, காயல் கடலைத் தொடும் பொழிக்குப் பக்கத்தில் இருந்தது. பொழி என்பது காயலுக்கும் கடலுக்கும் நடுவே விழும் மணல் திட்டு. சில மாதம் அது வழியை அடைத்துக்கொள்ளும், மழையில் காயல் நிரம்பினால் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து வெட்டித் திறந்துவிடுவார்கள். மாதம் இரண்டு நாள் கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கழக்கூட்டத்துக்கு இன்னொரு பஸ். ஹைவேயில் சிமெண்டு லாரிகள் வரிசையாகப் போகும். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த நேரம். என்னோடு படித்தவர்கள் அந்தக் கட்டடங்களுக்குள் ஏசியில் உட்கார்ந்தார்கள். நான் அவற்றைத் தாண்டிப் போய்ச் சேற்றில் இறங்கினேன்.

என்னோடு இறங்கியவர் எங்கள் நிறுவனத்தின் ஃபீல்டு அட்டெண்டர். நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே எல்லையோரத்து ஊர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சர்ச்சில் பாடுவார், அதனால் ஞாயிற்றுக்கிழமை கடல் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும் வேலியிறக்கம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் வரமாட்டார். எல்லாரும் அவரைச் சேட்டன் என்றார்கள். நான் அண்ணாச்சி என்றேன். என் அக்ரஹாரத் தமிழ் அவருக்குப் பாதி புரியாது, அவர் தமிழ் எனக்குப் பாதி புரியாது. மீதியை மலையாளத்தில் சரிக்கட்டிக்கொள்வோம்.

எண்களை எழுதுவது அவர் வேலை. என் எழுத்தில் ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியாது. அவர் எண்கள் அச்சடித்தது போல நிற்கும். கருவியின் திரை வெயிலில் தெரியாது என்பதால் நான் துப்பட்டாவால் தலையையும் கருவியையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளேயிருந்து எண்ணைச் சொல்வேன். வெளியே நின்று அவர் எழுதுவார். உச்சிவெயிலில் அந்தத் துப்பட்டாவுக்குள் இட்லி வேகும். இப்படியே ஒரு வருஷம் போயிற்று. புல் நன்றாக இழுத்தது. என் கைடு நோட்டைப் பார்த்துவிட்டு, இதே போல இன்னொரு வருஷம் போதும் என்றார்.

முதல் வருஷத்தின் கடைசி நாள், மார்ச் மாதம். கடைசி எண்ணைச் சொல்லிவிட்டுத் துப்பட்டாவை விலக்கி எழுந்தேன். வானம் கறுத்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது கன்னத்தில் சேற்றின் குளிர்ச்சி. மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடி வந்து அண்ணாச்சியோடு சேர்ந்து என்னைக் கரைக்குத் தூக்கி வந்தார்களாம். அத்தனைக்கும் நடுவில் அவர் பெட்டியையும் கருவியையும் நோட்டையும் விடவில்லை. எல்லாவற்றோடும் என்னை ஒரு ஆட்டோவில் போட்டுக் கரமனைக்குக் கொண்டு வந்தார்.

அம்மா என்னை உள்ளறையில் படுக்க வைத்து விசிறியைப் போட்டாள். அவருக்குக் காப்பி கொடுத்தாள். வாசலில் நின்று இருவரும் ஐந்து நிமிஷம் பேசினார்கள். விசிறிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரலில் இரண்டாம் வருஷ அளவு தொடங்கிய அன்று அண்ணாச்சி ஒரு குடையோடு வந்தார். வளைந்த கைப்பிடி வைத்த, நீளமான கறுப்புக் குடை.

"மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே அண்ணாச்சி" என்றேன்.

"வெயிலுக்கும் குடை கொள்ளும் மேடம்" என்றார்.

நான் கருவி முன்னால் உட்கார்ந்ததும், கால் புதையாமல் இருக்கச் சேற்றில் போட்டிருந்த பலகையின் ஓரத்தில் நின்று குடையை என் தலைக்கு மேல் நீட்டினார். என்ன சுகம்! திரையில் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. துப்பட்டா வேண்டியதில்லை. கடல்காற்று குடையைப் பிடுங்கப் பார்த்ததால் அவர் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் நோட்டு என் கைக்கு வந்தது. வெயில் உள்ள நாளில் அவர் குடை பிடிப்பார், நான் எழுதுவேன். மேகம் மூடிய நாளில் குடை மடங்கும், நோட்டு திரும்ப அவர் கைக்குப் போகும்.

அந்த வருஷம் புல் சோம்பலாகிவிட்டது. வெளிச்சத்தில் இறங்க வேண்டிய எண் பாதிகூட இறங்கவில்லை. முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், பிறகு குழாயை, பிறகு நம்பர் பிளேட்காரரை. அவர் கடைக்குப் போய்ச் சண்டைகூடப் போட்டேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. இருட்டில் எடுத்த அளவுகள் முதல் வருஷம் போலவே இருந்தன. வெளிச்சத்தில் எடுத்தவை மட்டும் குறைந்திருந்தன. கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். எனக்கும் நிதானத்துக்கும்தான் ஆகாதே.

அதற்குப் பதில் ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தேன். அந்த வருஷம் பொழி வழக்கத்தைவிட அதிக நாள் அடைந்து கிடந்தது. கடல்நீர் வராமல் தண்ணீர் தேங்கியது, தேங்கியதால் புல்லின் வேர் நலிந்தது, வேர் நலிந்ததால் இழுப்பு குறைந்தது. படங்கள் வரைந்து, அம்புக்குறிகள் போட்டு, நிறுவனத்தில் செமினார் கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பச் சொன்னார் கைடு. அனுப்பினேன். வீட்டில் அன்றைக்குப் பால் பாயசம் வைக்கச் சொன்னதும் நான்தான்.

பிப்ரவரியில், அளவு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, ஆய்வேட்டில் வைக்க ஒரு புகைப்படம் வேண்டும் என்றார் கைடு. கேமரா வைத்திருந்த தோழி ஒருத்தியை அழைத்துப் போனேன். சேற்றுக்கென்று வைத்திருந்த பழைய சுடிதாரை விட்டு நல்லதைப் போட்டுக்கொண்டேன். ஃபிலிம் ரோல் தீர வேண்டும் என்று அவள் தன் அண்ணன் குழந்தையின் பிறந்தநாள் வரை காத்திருந்தாள். பிரிண்ட் வர மூன்று வாரம் ஆகிவிட்டது. கிழக்கேகோட்டையில் ஸ்டூடியோவில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன்.

முதலில் என் முகத்தைத்தான் பார்த்தேன். பொய் சொல்லுவானேன். நன்றாக வந்திருந்தது. கருவியை உற்றுப் பார்க்கும் விஞ்ஞானியின் முகம். அப்புறம் கருவியைப் பார்த்தேன். அப்புறம் பெட்டியைப் பார்த்தேன். பெட்டியின் மேல் வட்டமாக, கறுப்பாக, குடையின் நிழல் விழுந்திருந்தது. பின்னால் பத்தடி தள்ளிக் கம்பின் உச்சியில் லைட் மீட்டர் முழு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

கரமனைப் பாலம் தாண்டியதைக் கவனிக்கவில்லை. பாப்பனங்கோட்டில் கண்டக்டர் வந்து, சேச்சி எங்கே இறங்கணும் என்று கேட்டபோதுதான் எழுந்தேன். இறங்கி வந்த வழியே நடந்தேன். ஒரு வருஷம் முழுக்கப் புல்லை நிழலில் வைத்துவிட்டு, புல் ஏன் இழுக்கவில்லை என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். என் ஃபெலோஷிப் மார்ச்சோடு முடிகிறது. இந்த வருஷத்தின் அளவு போனால் ஆய்வேடு இல்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி நிறுவனத்தின் பின்பக்கம் குழாயடியில் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யார் உங்களைக் குடை பிடிக்கச் சொன்னா? நான் கேட்டேனா?"

என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார்.

"பெட்டிமேல நெழல் விழப்பிடாதா மேடம்?"

"வெளிச்சத்துல அளக்கறதே அதுக்குத்தானே! ஒரு வருஷம் போச்சு. பூரா போச்சு."

படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மதான் பறஞ்சாங்க மேடம்."

"எந்த அம்மா?"

"உங்க அம்ம. அன்னைக்கு உங்கள கொண்டு விட்டப்ப, 'அவளுக்கு வெயில் ஆகாது, சொன்னாலும் கேக்க மாட்டா, நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்கோ'ன்னு கண்ணு நெறஞ்சு பறஞ்சாங்க. நான் வாக்கு குடுத்தாச்சு." பெட்டியைப் பார்த்தார். "இப்பிடின்னு எனக்கு அறியாது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தள்ளிப் பிடிச்சிருப்பேன்."

நிழல் விழக்கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான். படித்தவள் நான். ஒரு வருஷம் அந்தக் குடைக்கடியில் உட்கார்ந்து, சுகமாக இருக்கிறது என்று நினைத்தவளும் நான். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உன் குடையால என் படிப்பு போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"அந்தப் பிள்ளாண்டானைக் கோவிச்சுண்டியா?"

"ஆமா."

"அவனை ஏண்டி கோவிச்சுண்டே? சொன்னது நானாக்கும். நீ விழுந்து கிடந்ததைப் பாத்தவ நானாக்கும்."

பிறகு சற்று யோசித்து, "ஏண்டி, நிழல்ல புல்லு என்ன பண்ணித்தோ அதைத்தானே எழுதியிருக்கே? அதுல பொய் இல்லையே. நிழல்னு போட்டுக்கோயேன்" என்றாள்.

அம்மா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் இரண்டு நிமிஷத்தில், தப்பிக்க நான் தேடிய பொந்து ஒன்றைக் காட்டிவிட்டாள். வெயில் அளவு ஒன்று, இருட்டு அளவு ஒன்று, நடுவில் நிழல் அளவு ஒன்று. அதை ஒரு புதுமை என்றே சொல்லிக்கொள்ளலாம். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிழல் பெட்டியை எந்த நாள் எவ்வளவு மூடியது? கால்வாசியா, பாதியா, முழுக்கவா? காற்றில் குடை ஆடிக்கொண்டே இருந்ததே? ஒரு நாளுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை. பொந்து அடைபட்டுவிட்டது.

ஆனால் நோட்டைப் புரட்டும்போது வேறொன்று தெரிந்தது. எந்தப் பக்கத்தில் குடை இருந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. அவர் எழுதிய பக்கம் என்றால் குடை இல்லை. நான் எழுதிய பக்கம் என்றால் குடை உண்டு. முதல் வருஷம் முழுக்க அவருடைய அச்சு எழுத்து. இரண்டாம் வருஷத்து வெயில் நாள்கள் முழுக்க என் கோழிக் கிறுக்கல். அவர் கை பட்ட பக்கமெல்லாம் சரி, என் கை பட்ட பக்கமெல்லாம் தப்பு.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படத்தை அகராதிக்குள் வைத்திருந்தேன். படத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. தோழியிடம் நெகட்டிவை வாங்கிவிட்டால் அதுவும் இல்லை. செமினாரில் கை தட்டியவர்கள் ஆய்வேட்டிலும் கை தட்டுவார்கள். அண்ணாச்சி வாய் திறக்க மாட்டார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயம்தான் என்னைக் குத்தியது. நான் பேசாமல் இருந்தால், சரியாக எழுதிக் கொடுத்த மனிதர் என் பொய்க்குத் துணை நிற்க வேண்டி வரும். அதுவும், அத்தனை பேர் முன்னால் என்னிடம் ஏச்சு வாங்கிய பிறகு. மூன்றாம் நாள் படத்தோடு கைடு அறைக்குப் போனேன்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு குட!" என்றார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, காகிதத்தை எடுத்து ஃபெலோஷிப்பை ஒரு வருஷம் நீட்டிக்கக் கேட்டுக் கடிதம் எழுதினார். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று இன்னொன்று. இரண்டிலும் குடையை மறைக்கவில்லை. தன் மாணவி தானே கண்டுபிடித்துத் தானே வந்து சொன்னாள் என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் தாமதத்தை அவர் எழுதவில்லை. அந்தக் கருணைக்கு நான் இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன். நீட்டிப்பு கிடைத்தது.

அதற்குள் ஆபீஸ் கிளார்க் ஒருவர் எனக்கு ஒரு சேதி சொன்னார். அண்ணாச்சி நிறுவனத்து லைப்ரரிக்கு மாற்றம் கேட்டு வெகுநாளாகக் காத்திருந்தவர். நிழலில், விசிறிக்கடியில் வேலை. உத்தரவு வந்துவிட்டது. ஒரு வருஷம் கழித்துப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். காரணம் சொல்லவில்லையாம். குழாயடிக்குப் போனேன்.

"லைப்ரரியை ஏன் விட்டேள் அண்ணாச்சி?"

"விடல்லியே. புஸ்தகம் எல்லாம் அங்கதானே கெடக்கும். அடுத்த வருஷம் போனா மதி, அது போதும்."

"அன்னிக்கு நான் கத்தினது தப்பு. மன்னிச்சுக்கோங்கோ."

அவருக்கு அது என் கத்தலைவிடச் சங்கடமாக இருந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். "அது விடுங்க மேடம். ஒண்ணு மட்டும். இனி நான் குடை பிடிக்கல்லன்னு அம்மைக்கிட்ட பறயண்டாம்."

பறையவில்லை. ஆனால் அம்மா என்ன, தெரியாதவளா? அடுத்த முறை நான் கிளம்பும்போது இரண்டு பாட்டில் மோரும் இரண்டு துவர்த்துத் துண்டும் எடுத்து வைத்தாள். "நனைச்சுத் தலையில போட்டுக்கோ. இன்னொண்ணு அவனுக்கு" என்றாள். குடையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது வருஷம் அப்படித் தொடங்கியது. திரைக்கு நிழல் வேண்டும் என்று ஒரு அட்டைப்பெட்டியின் உள்ளே கறுப்பு மை பூசி, கருவிக்கு மட்டும் முகமூடி போலச் செய்தோம். அதற்குள் கண்ணை வைத்து நான் எண்ணைச் சொன்னேன். நோட்டு பழையபடி அவர் கைக்குப் போனது. குடையை மட்டும் அவர் விடாமல் கொண்டு வந்தார். அளவு நடக்கும்போது மடித்து, லைட் மீட்டர் கம்பின் பக்கத்தில் சேற்றில் குத்தி வைப்பார். திரும்பி நடக்கும்போது வரப்பில் எனக்கு விரிப்பார். அவரும் வெயிலில்தானே நிற்கிறார் என்று ஒருநாள் எனக்கு உறைத்தது. "நீங்களாவது தள்ளி நின்னு பிடிச்சுக்கோங்கோளேன்" என்றேன்.

"எனக்கு இது பழக்கமாக்கும் மேடம்" என்றார். நானும் நம்பினேன்.

அந்த வருஷம் பொழி முன்பைவிட அதிக நாள் அடைந்து கிடந்தது. தண்ணீர் கணுக்கால் வரை தேங்கியது. என் கொள்கைப்படி புல் செத்தே போயிருக்க வேண்டும். அது பாட்டுக்கு இழுத்தது. முதல் வருஷம் போலவே, கிட்டத்தட்ட எண்ணுக்கு எண் அப்படியே இழுத்தது. கடைசி நாள் கணக்குப் போட்டு இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தபோது ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. சேற்றோரத்தில் பலகையில் உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். புல்லின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நான் அதன் மேல் போட்ட பழியைப் பொருட்படுத்தாமல் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதற்கும் நன்றி சொன்னேன், வாய்விட்டே. அண்ணாச்சி கேட்டும் கேளாதவர் போலச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆய்வேட்டில் அளவு எடுத்த விதத்தைச் சொல்லும் பகுதியில் ஒரு வாக்கியம் எழுதினேன். இரண்டாம் வருஷத்து வெயில் நாள் அளவுகள், பெட்டியின் மேல் நிழல் விழுந்ததால், சேர்க்கப்படவில்லை என்று. தேர்வாளர்களில் ஒருவர் வாய்மொழித் தேர்வில், என்ன நிழல் என்று கேட்டார். என் அம்மாவுடையது என்று சொல்ல வாய் வந்தது. குடை என்று மட்டும் சொன்னேன்.

பட்டம் வந்தபின் பைண்டு செய்த பிரதி ஒன்றை லைப்ரரிக்குக் கொடுக்கப் போனேன். அண்ணாச்சி அங்கே சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டுவது அவர் வேலை. அதே அச்சு எழுத்தில் என் ஆய்வேட்டுக்கு எண் எழுதினார். நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் பெயரைக் காட்டலாம் என்று பிரித்தேன். அடையாளத்துக்கு நான் செருகி வைத்திருந்த அந்தப் படம் கீழே விழுந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல என் மூஞ்சி கறுத்துப் போச்சு" என்று சிரித்தார்.

அவர் முகம் அதில் இருக்கிறதா என்று அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! முதலில் என் முகத்துக்காக, பிறகு நிழலுக்காக. நிழல் பெட்டியில் எவ்வளவு விழுந்தது என்று அளவுகோல் வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். குடை முழுக்க என் பக்கம் நீண்டிருந்தது. அதன் கீழே நானும் கருவியும் பெட்டியும் இருந்தோம். இரண்டு கையையும் எட்டி நீட்டி, பலகையின் ஓரத்தில், சட்டை முதுகோடு ஒட்ட, கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் வெயிலில் நின்றார். அந்த ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் நின்றிருக்கிறார்.

"பழக்கம்னு சொன்னேளே அண்ணாச்சி" என்றேன்.

"பழகிப் போச்சுல்லா மேடம்" என்றார், படத்தை என் ஆய்வேட்டுக்குள் திரும்ப வைத்தபடி.